நடிக்க வருபவரிடம் எதற்குப் பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

'புதுமுகங்கள் தேவை' விளம்பரத்தை நம்பி வடபழனி, சாலிகிராமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஆடிஷனுக்கு வரச் சொல்லிவிட்டு முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் போட்டோ ஷூட் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். நடிகருக்குச் சம்பளம் கொடுப்பவர்தானே தயாரிப்பாளர்?

மேக்கப் போடாத நாலு படம், செல்போனில் எடுத்த ஒரு நிமிட நடிப்பு, ஆரம்பத்துக்கு இவை போதும். போட்டோ ஆல்பத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு நாடகக் குழுவில் சேருங்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் இருந்துதான் பசுபதியும் குரு சோமசுந்தரமும் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். குரல், மூச்சு, உடம்பு மூன்றையும் பழக்காமல் கேமரா முன்னால் நின்றால் கையை எங்கே வைப்பதென்றே தெரியாது, நானும் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். சரி, வாடகைக்கு? பகுதிநேர வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்திரிகைகளும் இந்த விளம்பரங்களைப் போடுமுன் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் முகவரியையுமாவது கேட்டு வாங்கலாமே!

இப்படிக்கு,
ஒரு நாடக நடிகர், சென்னை