மயக்க ஊசி 'கூடிப்போனது' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஆபரேஷன் முடிந்தும் நாலு மணி நேரம் மூச்சு வரவில்லை. மயக்க ஊசியைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள்' என்ற பேச்சு மதுரை ஆஸ்பத்திரி வராண்டாக்களில் எப்போதாவது காதில் விழும். எல்லா நேரமும் அளவைக் குறை சொல்ல முடியாது.

மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து சக்சினைல்கோலின். கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் போட்டால் பெரும்பாலானோருக்கு 10 நிமிடத்தில் மூச்சு திரும்பும். கல்லீரலில் சுரந்து ரத்தத்தில் சுற்றும் ஒருவகை கோலினெஸ்டரேஸ் நொதி மருந்தைச் சிதைத்துவிடுவதே காரணம். அந்த நொதியின் மரபணு தாய், தந்தை இருவழியிலும் பழுதாக வந்தவருக்கு அதே அளவு மணிக்கணக்கில் நிற்கும். அன்றாட வாழ்வில் அவருக்கு ஒரு குறையும் தெரியாது.

ஆரிய வைசியர் என்ற வணிகச் சமூகத்தாரிடம் இப்படியொரு பழுது இருப்பதை, அதாவது இந்த நொதியின் 307ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் இருப்பதை, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். அதற்காகப் படிவத்தில் சாதியைக் கேட்டு முடிவு செய்வது தவறு. 'செட்டியார்' என்று எழுதினால் நகரத்தாரா, வைசியரா என்றே தெரியாது. வேறு மரபணுப் பழுதுகள் எந்தச் சமூகத்திலும் வரலாம். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுகிற குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். கேட்க வேண்டியது இதுதான்: 'ரத்த உறவில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானதா?'

ஆம் என்றால், ரத்தத்தில் இந்த நொதி எவ்வளவு என்று பார்க்கும் சீரம் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை போதும். பூச்சிமருந்து குடித்தவர்களுக்குச் செய்கிற அதே பரிசோதனைதான். அதனால் நம் பக்கத்து லேப்களுக்குப் புதிதல்ல. ஒரு சிக்கல்: மல்லிகைத் தோட்டத்தில் அண்மையில் மருந்தடித்தவருக்கும், கர்ப்பிணிக்கும், கல்லீரல் கெட்டவருக்கும் மரபணு சரியாக இருந்தாலும் நொதியின் அளவு குறையும். மருந்தடிப்பதை நிறுத்தியோ, பிரசவம் முடிந்தோ 6 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தெரியாமல் ஊசி போட்டுவிட்டால் பதற வேண்டாம். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் மருந்து தானாக இறங்கும். ஆனால் தூக்க மருந்தை நிறுத்தக்கூடாது. தசை அசையாவிட்டாலும் நினைவு திரும்பிவிடும், அது நோயாளிக்குக் கொடுமை. அவசரப்பட்டு, தசைத் தளர்வை முறிக்கப் போடும் நியோஸ்டிக்மின் மருந்தைப் போடுவதும் சரியல்ல, மிச்சமிருக்கும் நொதியையும் அது முடக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது 'சக்சினைல்கோலின், மிவாகுரியம் கூடாது' என்று தமிழிலும் எழுதிய அட்டை கொடுக்க வேண்டும் (மிவாகுரியமும் இதே நொதி சிதைக்கும் தசைத் தளர்வு மருந்துதான்). டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு மூலையில் கிடந்தால் யார் படிப்பார்கள்? உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால் அவர்களையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்,
மதுரை.