தீக்காக்கையை நிறத்தை வைத்துத் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீக்காக்கை (Malabar Trogon) என்ற காட்டுப்பறவையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், அதிலிருந்த படங்கள் எல்லாமே ஆண் பறவையின் செக்கச்சிவந்த வயிற்றையே காட்டின. அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குச் செல்பவர்கள் ஏமாந்து திரும்பத்தான் நேரும்.

ஆள் நடமாட்டம் தெரிந்தால் தீக்காக்கை பெரும்பாலும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். முதுகோ காய்ந்த சருகின் பழுப்பு. பெண்ணுக்கு அந்தச் சிவப்பே கிடையாது; ஆணின் கருந்தலையும் மார்பிலுள்ள வெள்ளைப் பட்டையும்கூட இல்லை. அதன் வயிறு காவி கலந்த மஞ்சள். பெண் பறவையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது பெரிய குறை. அதேபோல், காட்டில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் தீக்காக்கையும் அல்ல. மின்சிட்டு ஆணும் சிவப்புதான். ஆனால் அது உருவில் மிகச் சிறியது, மர உச்சிகளில் ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும்.

தீக்காக்கையைக் காட்டிக்கொடுப்பது அது உட்காரும் விதம். நிழலான நடுமட்டக் கிளையில் நிமிர்ந்த உடல், நேர்கீழாகத் தொங்கும் நீண்ட வால், கத்தரித்தாற்போன்ற வால்நுனி. வாலோடு சேர்த்து ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். துடுப்புவால் கரிச்சானும் பிற பறவைகளும் கூட்டமாக இரைதேடி வந்தால் நடையை நிறுத்திவிடுங்கள். அந்தக் கூட்டத்தோடு தீக்காக்கையும் வருவதுண்டு. வெகுநேரம் சிலைபோல் இருந்துவிட்டு, பூச்சியைப் பிடிக்கச் சட்டென்று பாயும். அப்போது அது போய் அமரும் கிளையைப் பார்த்துவைத்துக்கொண்டு, அதன்பிறகு இருநோக்கியை (பைனாகுலர்) எடுத்தால் போதும்.

இதற்கெல்லாம் பொறுமையில்லாமல் சிலர் கைபேசியில் அதன் 'க்யூ க்யூ' குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். வழிகாட்டிகளே இதைச் செய்வதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். பிப்ரவரி முதல் மே வரை பெரும்பாலும் கூடுகட்டும் காலம். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும் பறவை இது. போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று நம்பி அது அலைக்கழிவதைப் படமெடுப்பது கொடுமை. கட்டுரையாளர் இதைக் கண்டித்து எழுதியிருக்க வேண்டும்.

இற்றுப்போன மரத்தைக் குடைந்தே இது கூடமைக்கிறது. பட்ட மரங்களை வெட்டாமல் விடுவதன் அவசியத்தையும் சொல்லியிருக்கலாம். அடுத்த இதழிலேனும் பெண் பறவையின் படத்தையும், முதுகுகாட்டி அமர்ந்திருக்கும் ஆணின் படத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகி