பணம் தடையே அல்லவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் வெளியான, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்க நிதி திரட்டுவது பற்றிய கட்டுரையில், "தகுதியும் முயற்சியும் உள்ள மாணவருக்கு இன்று பணம் ஒரு தடையே அல்ல" என்றொரு வாக்கியம் இடம்பெற்றிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் வாசகியாக இருப்பவள் நான். அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிய தாய். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கல்விக்கடன் விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் வேண்டாம், அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதையும் தாண்டினால் சொத்து அடமானம் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் வகுத்த வரையறை. 2023இல் நீர்வளப் பொறியியல் முதுகலைக்கு என் மகளுக்கு இடம் கிடைத்தபோது, ஓராண்டுக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து முப்பது லட்சத்தைத் தொட்டது. உலகத் தரவரிசையில் முன்னணியில் உள்ள சில பல்கலைக்கழகங்களுக்குப் பிணையமில்லாமலே கடன் தரும் திட்டங்கள் சில வங்கிகளில் உண்டு. அவளுக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு அடமானத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

துறையூரை அடுத்த ஊரில் என் மாமனார் வழி வந்த கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. அதை நம்பித்தான் வங்கிக்குப் போனேன். கடன் அதிகாரி பத்திரக் கட்டைப் பிரித்து, பட்டாவில் 'புன்செய்' என்றிருந்ததைக் கண்டதும் அடுத்த தாளைப் புரட்டாமல் மூடிவைத்து, "விவசாய நிலம் எடுக்க மாட்டோம், அம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடன் தவறினால் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்களித்திருப்பதால், வங்கிகள் அதைத் தொடுவதில்லை. உழவரின் நிலத்தைக் காக்க வந்த விலக்கே உழவர் வீட்டுப் பிள்ளையின் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பவும் காரணமாகிறது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

நிலம் போனால் வீடு இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் வீடு நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் கட்டியது. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும், நத்தம் பட்டாவையும் வீட்டுவரி ரசீதுகளையும் தவிர மூலப்பத்திரம் என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. வங்கியின் வழக்கறிஞர் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்துவிட்டுச் சொத்துரிமை தெளிவாக இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கருத்துரைக்கும் மதிப்பீட்டாளருக்கும் பணம் கட்டியது நாங்கள். கடன் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாதி வீடுகளின் கதை இதுதான் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அனுமதியில்லாத மனைகளில் வீடு கட்டி, 2017க்குப் பிறகு வரன்முறைப்படுத்த அலைந்தவர்களின் பாடு தனி.

கடைசியில் என் தம்பி தன் திருச்சி வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தான். தாய்மாமன் சீர் செய்வதாக நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, பத்திரத்தை வங்கியிடம் அடமானமாகக் கொடுப்பதற்கான உரிமைப் பத்திர ஒப்படைப்புப் பதிவில் கையெழுத்திட்டான். அதன் பிறகும் வெளிநாட்டுப் படிப்புக்கான மொத்தச் செலவில் வங்கி கொடுக்காத 15 சதவீத விளிம்புத் தொகையை நாங்கள்தான் போட வேண்டியிருந்தது. கடன் அனுமதி வருமுன்பே பல்கலைக்கழகம் முன்பணம் கேட்டது. அதைக் கட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய சி.ஏ.எஸ். என்னும் சேர்க்கை உறுதிச் சான்று வரும். நகைகளை விற்றோம். சொந்தப் பணத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 7 லட்சத்தைத் தாண்டினால் அன்று 5 சதவீதத்தை டி.சி.எஸ். என்று வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்தார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் பணம் தேவைப்பட்டது அந்த வாரத்தில். 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 10 லட்சமாக உயர்த்தி, கல்விக்கடன் தொகைக்கு அந்தப் பிடித்தத்தையே நீக்கியதை மனமார வரவேற்கிறேன்.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவருக்குப் பத்திரம் கொடுக்கத் தம்பி இல்லை. ஆலோசனை நிறுவனம் ஒன்று அறிமுகப்படுத்திய முகவர் வழியே, பிணையம் கேட்காத நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். வட்டி 12 சதவீதத்துக்கு மேல். பரிசீலனைக் கட்டணத்தைக் கடனிலேயே கழித்துக்கொண்டார்கள். பிள்ளை விமானம் ஏறிய அடுத்த மாதமே வட்டி கட்டச் சொன்னார்கள். வங்கிக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. கடன் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, "கடன் வசதிகள் பெருகிவிட்டன" என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போவது எந்தப் பெற்றோருக்கு உதவும்?

கட்டுரையில் இருந்த பிழைகளையும் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக்கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தை இப்போதும் நடப்பில் இருப்பதாகக் காட்டியிருக்கிறீர்கள். ஒன்றிய அரசு அதை 2022-23 முதலே நிறுத்திவிட்டது. 2024இல் அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் உள்நாட்டின் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கு உரியது. அதையும் வெளிநாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் தந்து வருவது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் உதவித்தொகை. கட்டுரை அதை நன்கொடை போல எழுதியிருக்கிறது. இங்கிலாந்தின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேரப் பணி அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இல்லாமலே அதன் பெயர் மட்டும் வந்திருக்கிறது. பட்டம் வாங்கிய கையோடு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரால் என்ன பயன்? ஆனால், பெரும்பாலும் அனுபவம் கேட்காத, மாதம் 1,400 யூரோ தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜெர்மனியில் கல்வி இலவசம் என்பது தங்கள் இணைப்பில் ஆண்டுதோறும் வரும் தலைப்பு. அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்த பழைய மாணவன் ஒருவன் லாரி ஓட்டுநரின் மகன். அங்கே இடம் வாங்கிவிட்டான். மாதாமாதம் சிறிது சிறிதாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும் என்பது அதன் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பில் கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்டியதோடு அவன் முயற்சி நின்றது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதலும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணம் வாங்குவதையும் அந்தக் கட்டுரைகள் சொல்லவில்லை.

ஏழை மாணவர்களுக்குத்தான் அரசு இருக்கிறதே என்பீர்கள். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் அனுமதிக் கடிதம் தந்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். அந்த 66 பிள்ளைகளிடம் எந்தத் தகுதி குறைந்தது, எந்த முயற்சி குறைந்தது? ஆசிரியர் சம்பளம் வாங்கிய குடும்பம் என்பதால் வருமான வரம்புள்ள எந்தத் திட்டமும் எங்களுக்கு இல்லை. அதை நியாயமென்றே ஏற்கிறேன். ஆனால் உதவித்தொகைக்குப் பணக்காரர்களாகவும் வங்கிக்கு ஏழைகளாகவும் தெரிகிற எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

என் தம்பியின் மகள் இப்போது பொறியியல் இறுதியாண்டு முடிக்கிறாள். தங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்து வந்து, "அத்தை, அப்பாவைத் தொந்தரவு செய்யாமலே போய்விடலாம் போலிருக்கிறது" என்றாள். அவள் அப்பாவின் வீட்டுப் பத்திரம் என் மகளின் கடனுக்காக இன்னும் வங்கியில் இருக்கிறது. அதே வீட்டை வைத்து இன்னொரு கடன் கேட்க வழியில்லை. என் மகள் படிக்கப் போனபோது 103 ரூபாய் அளவில் இருந்த பவுண்டு இன்று எங்கோ போய்விட்டது. டாலரோ 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. அந்தப் பெண்ணிடம் இவற்றையெல்லாம் சொல்ல வேண்டிய நிலைக்கு என்னை ஆளாக்கியது தங்கள் கட்டுரைதான் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரங்கள் கட்டுரைக்கு உரிய அதே எழுத்துருவில் வெளியாவது குறித்து நான் முன்பு எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. அதற்குத் தங்களிடம் காரணம் இருக்கும் என்றே நம்பி அமைதியாக இருந்தேன்.

இப்போது நான் கேட்பது மிகச் சிறியது. மேற்சொன்ன பிழைகளுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு வெளியிடும் பக்கத்தின் தலையில் 'விளம்பரம்' என்று கண்ணில் படும் அளவில் அச்சிடுங்கள். கல்வி இணைப்பு பிளஸ் டூ முடிவுகளையொட்டி மே மாதத்தில் வருகிறது. செவனிங் விண்ணப்பம் தொடங்குவது ஆகஸ்டில், எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளில் பலவற்றுக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஆகஸ்ட் முதல் வாரத்தில், அந்தந்த ஆண்டு உண்மையில் நடப்பில் உள்ள உதவித்தொகைகளின் பெயர், வருமான வரம்பு, பணி அனுபவ நிபந்தனை, கடைசி நாள் ஆகியவற்றை அரைப்பக்கத்தில் தாருங்கள். கல்விக்கடனுக்கு எந்தச் சொத்தை வங்கி ஏற்கும், எதை ஏற்காது என்பதையும் அதன் கீழே நான்கு வரியில் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை, துறையூர்.