திரையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே ஹோம் தியேட்டர் அமைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை லூமென்ஸ் வெளிச்சம், 4கே வேண்டுமா, லேசரா சாதா விளக்கா என்று புரொஜெக்டரைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியவர், திரைக்கு வந்ததும் "நல்ல வெள்ளைத் திரையாகப் பார்த்து வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதே மாதிரி ஒரு வரியை நம்பித்தான் நானும் சில வருடங்களுக்கு முன் பணத்தைக் கொட்டினேன். அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது மோட்டாரில் ஏறி இறங்கும் 120 அங்குலச் சுருள் திரை. கெயின், அதாவது வெளிச்சத்தை நேர் எதிரே திருப்பி அனுப்பும் அளவு, அதிகம், படம் பளிச்சென்று இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் பளிச்சென்றுதான் இருந்தது. ஓரத்து நாற்காலியில் இருந்த அம்மாதான், "என்னப்பா, இங்கிருந்து பார்த்தா இருட்டடிக்குதே" என்றார். நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான். திரை தானாக வெளிச்சத்தை உண்டாக்காது, பக்கங்களுக்குப் போக வேண்டியதைப் பிடித்து நடுவுக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். கெயின் 1 என்றால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவும். 1.3 என்றால் நேரே பார்ப்பவருக்கு 30 சதவீதம் கூடுதல், ஓரத்தில் இருப்பவருக்குக் குறையும். இன்னும் கூட்டிக்கொண்டே போனால் திரையின் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு 1 அல்லது அதை ஒட்டிய திரையே போதும்.

அப்புறம், ஏழெட்டு மாதத்தில் துணியில் அலை விழுந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் அது தெரியாது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது பாருங்கள், நேராக நிற்கும் கட்டடத்தின் ஓரம் அந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் நெளிந்து, மறுபடி நிமிர்ந்து போகும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் எந்தப் படத்திலும் கதை மனதில் நிற்காது, கண் அந்த நெளிவைத்தான் தேடும். சுவர் காலியாக இருந்தால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையான திரைதான் நல்லது. சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இரு ஓரங்களிலும் கயிறு வைத்து இழுத்துப் பிடிக்கும் டேப் டென்ஷன் (tab tension) வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கறுப்பைப் பற்றி. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் திரையில் கறுப்பு. புரொஜெக்டரை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் வெளிச்சத்தில் திரையைப் பாருங்கள். அது எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பாக எந்தப் படத்திலும் எதுவும் தெரியப்போவதில்லை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, அறையை. முழுக்க இருட்டாக்க முடிகிற அறைக்கு பளபளப்பில்லாத சாதாரண மேட் வெள்ளைத் திரையே போதும். அங்கேயும் சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால் படத்தின் வெளிச்சமே அவற்றில் பட்டுத் திரும்பி வந்து கறுப்பை வெளுக்க வைக்கும், திரையை ஒட்டிய பகுதிக்காவது அடர்ந்த நிறம் அடித்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் கூடமா? அப்படியென்றால் சாம்பல் நிறத் திரை, இல்லையென்றால் சுற்றுப்புற வெளிச்சத்தைத் தவிர்க்கும் ஏ.எல்.ஆர். திரை.

இந்த ஏ.எல்.ஆரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுவரை ஒட்டிக் கீழே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கான திரையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ரம்பப் பல் போன்ற வரிகள் இருக்கும். கீழிருந்து வரும் ஒளியை நம் பக்கம் திருப்பும், மேலிருந்து வரும் விளக்கு வெளிச்சத்தை விழுங்கும். கூரையில் மாட்டிய புரொஜெக்டருக்கு அதையே வாங்கினால் படத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்! பெயர் ஒன்றுதான், வேலை வேறு. எந்தப் புரொஜெக்டர், எங்கே மாட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அளவிலும் ஆசை கண்ணை மறைத்துவிடுகிறது. அகலம் 16, உயரம் 9 என்ற 16:9 கணக்கில், மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரை சுமார் 30 சதுர அடி, 120 அங்குலம் சுமார் 43. இருபது அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் அதே வெளிச்சம் 44 சதவீதம் அதிகப் பரப்பில் பரவுவதால் படத்தின் பிரகாசம் பழையதில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தூரமும் சேர்ந்த விஷயம்தான், 100 அங்குலத்துக்குப் பத்து அடியிலிருந்து பதின்மூன்றரை அடி வரை தள்ளி உட்காரலாம். வாங்குவதற்கு முன் சுவரில் டேப் ஒட்டி அந்த நீள அகலத்தைக் குறித்து, அங்கேயே நான்கு நாள் படம் பாருங்கள். இருட்டு அறையில் வழவழப்பான சுவரில் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்துப் பார்ப்பதும் தவறில்லை. மோசமான திரையைவிட அது எவ்வளவோ மேல்.

ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைப்பவர்களுக்கு ஒலி கடந்துபோகும் துணி தனியாக உண்டு, கொஞ்சம் வெளிச்சம் குறையும்.

இரண்டாவது தடவை நான் துணி மாதிரிகளைக் கேட்டு வாங்கி, பழைய திரையின் மேலேயே பக்கம் பக்கமாக ஒட்டி, இரவுக் காட்சி ஒன்றை ஓடவிட்டு நடுவிலும் ஓரத்திலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். சாம்பல் துண்டில் மட்டும் ஒரு முகத்துக்குப் பின்னால் இருந்த மரக்கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. கூடத்துக்கு அதைத்தான் வாங்கினேன், அம்மா இப்போது எந்த நாற்காலியிலும் உட்காருகிறார்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த புரொஜெக்டரைப் பற்றி எழுதும்போது, அதை எந்தத் திரையில், விளக்கை அணைத்தா எரியவிட்டா பார்த்தார் என்று தயவுசெய்து சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்