சேர்வர் அமைப்புக் கோப்புகளைத் திருத்துவதற்கு முன்

அன்பின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் லினக்ஸ் சேர்வர்களைப் பராமரிப்பவர்கள், எந்த அமைப்புக் கோப்பைத் திருத்துவதாயினும், பெயரின் இறுதியில் அன்றைய திகதியைச் சேர்த்து அதன் பிரதியொன்றை முதலில் எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக, பிரதியெடுக்கும் ‘சிபி’ (cp) கட்டளையை ‘-பி’ (-p) தெரிவுடன் இயக்கினால், கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், நேரம் ஆகியவையும் அப்படியே பிரதியில் இருக்கும்.

பிரதியை வைக்கும் இடத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. உபுண்டு லினக்ஸில், இணையத்தளங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ கோப்புறையில் உள்ள கோப்புகள் எல்லாம், பெயரின் இறுதி எதுவாக இருந்தாலும், வாசிக்கப்படுவதால், அங்கேயே விடப்படும் பழைய பிரதியும் புதியதோடு சேர்ந்து ஏற்றப்பட்டு முரண்பாட்டை உண்டாக்கும். ஆகவே பிரதிகளுக்கு ரூட்டின் சொந்தக் கோப்புறையில் தனியிடம் ஒதுக்குங்கள்.

தூரத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் சேர்வரில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் அமைப்பை மாற்றுபவர்கள், சேவையை மீளத் தொடங்கிய பின்னர், இன்னொரு சாளரத்தில் புதிதாக உள்நுழைய முடிகிறது என்பதை உறுதிசெய்யும் வரை ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பை மூட வேண்டாம். இல்லையேல், மழையோடு மழையாக மேடேறிப் போய் அந்தக் கணினியிலேயே விசைப்பலகையைப் பொருத்த வேண்டியதுதான். ரூட் அதிகாரத்துடன் கட்டளைகளை யார் இயக்கலாம் என்பதைக் குறிக்கும் ‘சுடோயர்ஸ்’ கோப்பை, சேமிக்கும்போதே இலக்கணப் பிழையைக் காட்டித் தரும் ‘விசுடோ’ கட்டளை மூலம் மட்டுமே திருத்துங்கள்.