இடப்பக்க சீற்றில் இருந்தவர்களுக்கு

போன புதன்கிழமை இரவு திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ட்ரெய்லர் லொறியைத் தனியாகக் கொண்டுபோய், மறுநாள் பின்னேரம் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தேன். கிளீனர் பொடியனுக்குக் காய்ச்சல், அதனால் அவன்கூட இல்லை. ஊருக்கு இது ஒரு செய்தியே இல்லை, சீனக்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இரவும் எத்தனையோ பேர் கண்டி வீதியில் போகிறார்கள். ஆனால் போன வருடம் இதே மாதம் ஒரு வீட்டு மதிலை இடித்துப்போட்டு, இறங்க வெட்கப்பட்டு, லொறிக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்தவன் நான். அதனால் நன்றி சொல்லவேண்டிய கணக்கு கொஞ்சம் நீளம். பெயர் போட்டால் கோபிப்பார்கள், போடவில்லை. யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

ஒன்பது வருடம் ஓட்டோ ஓடினேன். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் படுத்துக் கிடந்து, பிறகு கியூஆர் பங்கீடு வந்து, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று ஆனபோதுதான் இந்தத் தொழிலை நம்பி இனி இருக்க முடியாது என்று முடிவெடுத்தேன். ஹெவி லைசன் எடுத்துத் தூர ஓட்டம் ஓடுவோம் என்று நினைத்ததும் அப்போதுதான். மனைவிக்கு இங்கே எழுதினால் பிடிக்காது. நான் லொறி பழகிய காலம் முழுக்க வீட்டுச் செலவை யார் பார்த்தது என்பது எங்கள் ஒழுங்கைக்கே தெரியும், அவ்வளவுதான் சொல்வேன்.

லைசனுக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் கண் பார்த்த டொக்டருக்கு ஒரு நன்றி. இடது கண் தூரத்துக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் வந்தேன். கண்ணாடி போட்டு முதல் இரவு வெளியே வந்தபோதுதான் எதிரே வருகிற வெளிச்சத்தில் எது பஸ், எது மோட்டார் சைக்கிள் என்று பிரிந்து தெரிந்தது. ஒன்பது வருடம் இது தெரியாமலா மற்றவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனேன் என்று நினைக்க இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

முதலில் சேர்ந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாதம் லொறி கழுவினேன், ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை, "பழகத்தானே வந்தனீ" என்று சம்பளமும் தரவில்லை. அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு எடுத்தது அண்ணைதான்.

அண்ணை முப்பது வருடத்துக்கு மேல் லொறி ஓடியவர். பழக்குகிற காலத்தில் இடப்பக்க சீற்றில் காலை மடக்கி இருந்துகொண்டு, கண்ணை மூடியபடியே, "மூண்டாவதுக்குப் போடு" என்பார். நித்திரை என்று நினைப்பேன். காது முழுக்க எஞ்சினில் இருக்கும். கிளம்புவதற்கு முதல் ஒரு கட்டையால் பின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்வார். சோடி டயரில் உள் டயர் காற்றுப் போய்க் கிடந்தால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது, வெளி டயர் மட்டும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஓடும், சூடேறி எங்கேயாவது நடுக்காட்டில் வெடிக்கும். நல்ல டயர் கட்டையைத் துள்ளவிடும், காற்றுப் போனது 'தொப்' என்று விழுங்கும். இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் பிடிபட எனக்கு மூன்று கிழமை ஆனது. அப்புறம் பிறேக்குக்கு எயார். முள் ஏறி நிற்கும் மட்டும் லொறியை அசைக்க விடமாட்டார். நான் அவசரப்பட்டால், "கொழும்பு அங்கதான் இருக்கும்" என்பார். படங்கு கட்டுகிற முடிச்சை அவர் ஒரு கையால் போடுவார், எனக்கு இன்னும் இரண்டு கையும் பல்லும் வேண்டும்.

ஒரு முறை கண்டியில் சாமான் இறக்கிவிட்டு, அங்கேயே வேறு பாரம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனோம். கடுகண்ணாவ இறக்கத்தில் நான் பயத்தில் பிறேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். நாலு வளைவு தாண்ட முதலே எரிந்த மணம் வந்துவிட்டது. அண்ணை சத்தம் போடவில்லை. ஓரமாக நிற்பாட்டச் சொல்லி, கல் போட்டு, முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்தார். சூடான பிறேக் மெல்ல மெல்லப் பிடிக்காமல் போகும், காலை எவ்வளவு அழுத்தினாலும் லொறி கேட்காது என்று அந்த நேரத்தில்தான் விளங்கப்படுத்தினார். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர், எஞ்சின் பிடிக்கட்டும், பிறேக் இடைக்கிடைதான். திரும்ப ஓடத் தொடங்கியபோது என் முழங்கால் நடுங்கியது. அவர் பார்க்காத மாதிரி ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்.

ஆனையையும் அவரிடம்தான் பழகினேன். கந்தளாய் தாண்டி ஹபரண வரைக்கும் இரவில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், வளைவில் ஒரு கறுப்பு மதில் நிற்கும், கிட்டப் போனால் மதில் காதை ஆட்டும். முதல் தடவை நான் ஹோர்ன் அடிக்கக் கையை எடுத்தேன், அண்ணை கையைப் பிடித்துவிட்டார். தள்ளி நிற்பாட்டு, பெரிய லைட்டைக் குறை, ஹோர்ன் வேண்டாம், அது போகும்போது போகட்டும். அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் நின்றோம். வாழைப்பழம் எறிகிற ஆட்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. வாகனத்தை மறித்தால் சாப்பாடு வரும் என்று அந்த மிருகத்துக்குப் பழக்கிவிட்டதே அவர்கள்தான் என்பார், எனக்கும் அதே எண்ணம்தான்.

கிண்ணியா நானாவுக்கு வருகிறேன். லைசனுக்கான முதல் ட்ரையலில் நான் பெயில், ரிவேர்ஸில். ட்ரெய்லருக்கு வால் இடப்பக்கம் போகவேண்டும் என்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டவேண்டும், பிறகு வால் திரும்பியதும் அதன் பின்னாலேயே தலையைக் கொண்டுபோகவேண்டும். சொல்லச் சுகம். ஓட்டோக் கை கேட்காது. நானா தன் வீட்டுத் திண்ணையில் இரண்டு நெருப்புப்பெட்டியை ஒரு ஊசியால் கோத்து, பின்னுக்குத் தள்ளு பார்ப்போம் தம்பி என்று தந்தார். ஒரு பின்னேரம் முழுக்க நெருப்புப்பெட்டி தள்ளினேன், அவருடைய பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். இடையில் பழைய கதை வேறு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முதல், பாதையில், அதுதான் தண்ணியைக் கடக்கிற மிதவையில், லொறியை ஏற்றி அக்கரை சேர்த்த காலம், மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை பாதைக்குக் காத்துக் கிடந்தோம் என்று சொல்லிக்கொண்டே போவார். பாதைக்குள் ரிவேர்ஸில் ஏறுகிறவன்தான் ட்றைவர், பிழைத்தால் தண்ணிக்குள் என்பார். இரண்டாம் ட்ரையல் பாஸ். நெருப்புப்பெட்டி இப்போது மகளிடம் இருக்கிறது, நன்றாக ரிவேர்ஸ் எடுக்கிறாள்.

ஆனால் நெருப்புப்பெட்டியில் மதில் இல்லையே! அந்த மதில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஒழுங்கையில், கட்டி ஒரு வருடம்கூட ஆகாத மதில். சீமெந்து இறக்கிவிட்டுப் பின்னுக்கு எடுத்தேன், பின் மூலை போய்த் தூணோடு சாய்த்துவிட்டது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதலில் தண்ணி கொண்டுவந்து தந்தார். பொலிஸுக்குப் போகவில்லை. அண்ணையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தூணைக் கட்டிக் கொடுத்தோம். அம்மா, தூண் கொஞ்சம் சரிவாக நிற்கிறது என்று எனக்கும் தெரியும். நீங்கள் ஒன்றும் சொல்லாததற்குத் தனியாக ஒரு நன்றி.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிற நாட்டாமைமாருக்கும் சொல்லவேண்டும். ட்ரெய்லருக்கு முதல் பத்துச் சக்கர லொறியில் பழகிய காலத்தில், அந்த நெருக்கத்துக்குள் நான் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, முதுகில் மூட்டையோடேயே நின்று "வா, வா, ஒடி, போதும்" என்று என்னைப் பின்னுக்கு எடுத்துவிட்டவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேதான். கந்தளாய் டயர்க் கடை மல்லி, இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் முகம் கோணாமல் எழும்பி வருவான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அவனிடம் படித்தது, மற்றப் பாதி ஹபரண தேத்தண்ணிக் கடை அக்காவிடம். 'அக்கா' என்பதற்கு மட்டும் இரண்டு பேருக்கும் பாஷை தேவைப்படவில்லை. கண் சொக்குகிறது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, இஞ்சி பிளேன்டியை வைத்துவிட்டு, "குடித்துவிட்டு அரை மணித்தியாலம் படு, லொறியை நான் பார்க்கிறேன்" என்று அவர் சொன்னபடியால் ஓரிரு தடவை நான் தப்பியிருக்கிறேன். எத்தனை தடவை என்று வீட்டில் சொன்னதில்லை.

அம்மாவுக்கு விசேஷமாக எழுதத் தேவையில்லை. புதன்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு முன்னால் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, பிறகு "மெதுவாப் போ" என்று நான் நாலாம் கட்டை தாண்டும் மட்டும் போனில் சொல்லிக்கொண்டிருந்தவர்.

தனியாகப் போன அந்த 260 கிலோமீற்றரில் நான் செய்த ஒரு பைத்தியக்கார வேலையையும் சொல்லிவிடுகிறேன். குருநாகல் தாண்டி ஒரு ஏற்றத்தில், இடப்பக்கம் திரும்பி, "மூண்டாவதுக்குப் போடட்டோ அண்ணை?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். சீற்றில் படங்குக் கயிறும் உங்கள் ஃபிளாஸ்க்கும்தான் இருந்தன. போட்டேன், சரியாகத்தான் ஏறியது. ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்திருக்கிறேன் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். மூடியில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கிறது, அது நான் இல்லை, முதலே இருந்தது.