ஸ்கேரி என்றால் திட்டா, பாராட்டா?

அன்புள்ள கயல்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கால்வலி இப்போது பரவாயில்லை.

இங்கிலாந்தில் நீ நர்ஸாக வேலை பார்க்கும் லீட்ஸ் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு சீனியர் நர்ஸ் உன்னைப் பார்த்து ‘யூ ஆர் ஸ்கேரி குட்’ என்றாராம், திட்டா பாராட்டா என்று கேட்டிருந்தாய். பயமுறுத்தும் அளவுக்குக் கெட்டிக்காரி என்கிறார். பாராட்டுதான், அதுவும் தாராளமான பாராட்டு. நம் வீட்டில் ‘குழம்பு பயங்கரமா இருக்கு’ என்றால் அம்மா கோபித்துக்கொள்கிறாளா? அதே கணக்குதான். நரம்பே தட்டுப்படாத கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றியிருக்கிறாய், மிரண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நீ வாட்ஸ்அப்பில் ‘நைட் டூட்டி, ஐ யம் வெரி ஸ்கேரி’ என்று எழுதுகிறாயே, அதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. பயப்படுகிறவள் ஸ்கேர்ட், பயமுறுத்துகிறவள் ஸ்கேரி. என்னைக் கண்டால் எல்லாரும் நடுங்குவார்கள் என்றல்லவா அர்த்தமாகிறது! உன் பெரிய அத்தை எழுதியிருந்தால் திருத்தியிருக்க மாட்டேன். இன்னொன்று, எளிதில் மிரளும் குதிரையையும் ஸ்கேரி என்று சொன்ன வழக்கம் அமெரிக்காவில் இருந்தது, மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. அதைத் தேடியெடுத்து என்னிடம் வாதாட வராதே. லீட்ஸில் அது செல்லாது.

லீட்ஸ் என்றதும் நினைவு வருகிறது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுக் குழுவில் ‘ஸ்கேரி ஸ்பைஸ்’ என்று பெயர் வாங்கிய மெல் பி உங்கள் ஊர்க்காரர்தான். 1996இல் ஒரு பத்திரிகை வைத்த பட்டப்பெயர் அது. ஸ்கேர் என்ற சொல்லின் வேரோ பழைய நார்ஸ் மொழி, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைகிங்குகள் பேசியது. 866இல் அவர்கள் பிடித்த யார்க் நகரம் உனக்குப் பக்கம்தான். லீவு கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வா.

அப்புறம், உன் வேலைக்கு வேண்டிய விஷயம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெரியவர் ‘இட்ஸ் எ பிட் ஸ்கேரி’ என்பார். ‘எ பிட்’ என்றாரே, கொஞ்சம்தானே என்று நகர்ந்துவிடாதே. அந்த ஊரில் பெரியவர்கள் எதையும் குறைத்துத்தான் சொல்வார்கள். உள்ளே உதறல் எடுத்தாலும் வாயில் ‘எ பிட்’தான் வரும். ‘டோன்ட் பி ஸ்கேர்ட்’ என்று சொல்லிவிட்டுப் போவதிலும் பிரயோஜனம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார், எதை நினைத்துப் பயம் என்று கேள். மயக்க மருந்தா, வலியா, வீட்டில் தனியாக இருக்கும் மனைவியா என்று அவரே சொல்லிவிடுவார். பதிலும் அதற்குத் தகுந்த மாதிரி சொல்லலாம்.

டூட்டி மாற்றி ஒப்படைக்கும்போது மட்டும் இந்தச் சொல் வேண்டாம். பி.பி. ‘ஸ்கேரி’யாக இருந்தது என்று டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம். ஃபைலில் எத்தனை இருந்தது என்று எண்ணை எழுது.

பருப்புப்பொடியும் நாரத்தங்காயும் பார்சலில் வருகின்றன. கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா